ரஜிதனின் சாமான் துண்டு

எனக்கு யாரையும் நம்ப வராது. டொக்டர் தந்த மாத்திரையை இன்னொரு டொக்டரிடம் காட்டாமல் விழுங்கமாட்டேன். பஸ் சாரதி தரிப்பிடத்தின் பெயரைச் சொன்னாலும், இறங்க முதல் பக்கத்தில் இருக்கிறவரிடமும் ஒருதரம் கேட்பேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவனை எல்லாரும் ஏய்க்கத்தான் பார்ப்பார்கள். அப்படி வந்த பழக்கம். 1998ஆம் ஆண்டு ஒக்ரோபரில் என் மகனின் கட்டிலுக்குக் கீழே குனிந்து பார்த்ததும் அந்தப் பழக்கத்தால்தான்.

அன்று வெள்ளிக்கிழமை. மனைவி பரிமளம் றிச்மண்ட் ஹில் பிள்ளையாரிடம் போயிருந்தாள். எங்களிடம் கார் இல்லை. எங்கள் கட்டடத்து மூன்றாம் மாடி யோகராணியின் காரில் இடம் இருக்கிற வெள்ளிகளில் மட்டும் போவாள். மகன் ரஜிதன் கொலிச்சில் இருந்தான். அவனுக்கு இருபது வயது. எனக்குப் பக்ரறியில் அன்று வேலை இல்லை. கோப்பிக் கோப்பைகளுக்குப் பிளாஸ்ரிக் மூடி செய்கிற பக்ரறி அது.

சில மாதங்களாகவே பெடியனின் போக்கு எனக்குப் பிடிக்கவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு போனில் ஆங்கிலத்தில் கதைப்பான். சனிக்கிழமைகளில் டவுன்ரவுன் போவான், ஜக்கெற்றுக்குள் எதையோ ஒளித்துக்கொண்டு வருவான். நான் அறைக்குள் போனால் போர்வையை இழுத்து எதையோ மூடுவான். அந்த வருடங்களில் கனடாவில், நாங்கள் இருந்த ஸ்காபரோவில், எங்கள் பெடியள் இரண்டு பக்கமாகப் பிரிந்து ஆளை ஆள் வெட்டிக்கொண்டிருந்தார்கள். பேப்பரில் படம் போட்டிருந்தார்கள். அந்தப் படங்களில் இருந்த முகங்களும் நல்ல பிள்ளைகளின் முகங்களாகத்தான் இருந்தன.

கட்டிலுக்குக் கீழே ஒரு மட்டைப் பெட்டி. இழுத்துத் திறந்தேன். வெள்ளி நிறப் பைகள். ஒன்றுக்குள் பச்சை நிறத்தில் ஒரு தட்டு. அதில் ஊசி ஊசியாகக் கம்பிகள், சின்னச் சின்ன உருளைகள். இன்னொன்றுக்குள் அதைவிடச் சிறிய பச்சைத் தட்டு. நாடா மாதிரிச் சாம்பல் நிற வயர்கள். ஒரு இரும்புப் பெட்டி, அதன் வாயிலிருந்து மஞ்சள், சிவப்பு, கறுப்பு என்று வயர்கள் குடல் மாதிரி வெளியே தொங்கின. எல்லாவற்றுக்கும் மேலே நாலாய் மடித்த ஒரு துண்டுக் கடதாசி. இலக்கங்கள், வெட்டுக்கள், ஆங்கில எழுத்துகள். எனக்கு வாசிக்கத் தெரியாது. மடித்துச் சேர்ட் பொக்கற்றில் வைத்தேன்.

பெட்டியை மூடி வைத்துவிட்டு எழும்பிப் போக முடியவில்லை. ஏனென்றால் இதை நான் முதலும் பார்த்திருக்கிறேன்.

எனக்கு இரண்டு ஆண்பிள்ளைகள். மூத்தவன் ஜனார்த்தன். 1985இல் அவனுக்குப் பதினெட்டு. அவனுடைய கட்டிலுக்குக் கீழேயும் ஒரு பெட்டி இருந்தது. அதற்குள்ளும் பச்சைத் தட்டு, வயர், பற்றறி. என்னடா என்று கேட்டேன். "றேடியோ திருத்தப் பழகிறன் அப்பா" என்றான். நான் நம்பினேன். நம்பியது மட்டுமில்லை, ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டேன். பக்கத்து வீட்டு அமிர்தநாதரின் பழுதான றேடியோவை நானே வாங்கிக்கொண்டு வந்து அவனிடம் கொடுத்தேன். அவன் அதையும் திருத்திக் கொடுத்தான். அடுத்த மாதம் வாசிகசாலைக்குப் போறன் என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போனவன், இயக்கத்துக்குப் போய்விட்டான். இரண்டு வருடம் கழித்துச் செய்தி வந்தது. உடம்பு வரவில்லை. ரஜிதனுக்கு அப்போது ஒன்பது வயது. இரண்டு வருடம் கழித்து அவனையும் தாயையும் கூட்டிக்கொண்டு கனடாவுக்கு வந்தேன்.

ஆகவே பெட்டியைத் தூக்கினேன்.

நாங்கள் இருந்தது மோர்னிங்சைட்டில் ஒரு உயரமான கட்டடத்தின் பதினோராம் மாடியில். ஒவ்வொரு மாடியிலும் குப்பை போட ஒரு சிறிய அறை உண்டு. சுவரில் இரும்பு மூடி. அதைத் திறந்தால் அடிநிலம்வரை போகிற குழாய். பெட்டி அந்த வாய்க்குள் நுழையவில்லை. அதனால் ஒவ்வொன்றாகப் போட்டேன். நாடா வயர்கள் சத்தம் போடவில்லை. இரும்புப் பெட்டி சுவரில் அடிபட்டு அடிபட்டுப் போனது. பச்சைத் தட்டைப் போட்டுக் காதைக் கொடுத்துக்கொண்டு நின்றபோது லிஃப்ற் திறந்தது. ரஜிதன்.

"அப்பா! என்ன செய்யிறீங்கள்?"

"உது என்னடா?"

"கொம்பியூட்டர் சாமான் அப்பா. எல்லாத்தையும் சேர்த்துப் பூட்டப்போறன்."

"கொம்பியூட்டர் எனக்குத் தெரியாதே? பக்ரறி ஒஃபிசிலை கிடக்கு. ரீவி மாதிரிக் கிடக்கும். உது வயரும் தகரமும்."

"பூட்டினாப் பிறகுதான் அப்பிடி வரும். எட்டு மாதமாச் சேர்க்கிறன். கேம்ஸ் விளையாடத்தான், வேறை ஒண்டுமில்லை."

"ஆருக்கடா கதை விடுறாய்? ஆர் உன்னட்டைத் தந்தவன்? பேரைச் சொல்லு."

"ஒருத்தரும் தரேல்லை. கடையிலை வேண்டினது. பில் கிடக்கு, காட்டட்டோ?"

"பில் ஆரும் எழுதலாம்."

"அப்ப அம்மாவைக் கேளுங்கோ. அம்மாவுக்குத் தெரியும்."

"கொம்மாவுக்கு என்ன தெரியும்!"

என் கையில் கடைசியாக அந்தச் சின்னப் பச்சைத் தட்டு இருந்தது. அவன் பாய்ந்து பறிப்பான் என்று நினைத்தேன். என்னைவிட அரையடி உயரம், பறித்திருக்கலாம். பறிக்கவில்லை. கைகளை ஜக்கெற் பொக்கற்றுக்குள் விட்டுக்கொண்டு நின்றான்.

"அதுதான் எல்லாத்திலையும் நல்ல சாமான் அப்பா. அதையும் போடுங்கோ. ஏன் அதை மட்டும் வைச்சிருக்கிறியள்?"

போட்டேன். அது கீழே போய் விழுகிற மட்டும் அவன் கேட்டுக்கொண்டு நின்றான். பிறகு வீட்டுக்குள் போனான். ஐந்து நிமிடத்தில் கொலிச்சுக்குக் கொண்டுபோகிற பையோடு வெளியே வந்தான். என்னைத் தாண்டிப் போகும்போது மெல்லச் சரிந்து, என்னில் முட்டாமல் போனான்.

பின்னேரம் பரிமளம் விபூதி மடித்த கடதாசிச் சரையோடு வந்தாள். நடந்ததைச் சொன்னேன். பிள்ளையைக் காப்பாற்றிவிட்ட மாதிரித்தான் சொன்னேன். அவள் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே இருந்துவிட்டாள்.

"அது கொம்பியூட்டரப்பா."

"உமக்குத் தெரியுமோ?"

"எட்டு மாதமாத் தெரியும். முதல் சாமான் வேண்டின அண்டைக்கே எனக்குக் காட்டினவன்."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னால் விட்டிருப்பியளோ? எந்தக் கடை, ஆரோடை போனவன், ஏன் வேண்டினவன், ஏன் விளையாட்டு, படிக்கிறவனுக்கு என்ன விளையாட்டு எண்டு ஒரு சாமானுக்கு நூறு கேள்வி கேட்டிருப்பியள். பூட்டி முடிச்சு, ஓட விட்டுக் காட்டுவம், அப்ப அப்பா ஏசமாட்டார் எண்டவன்."

அப்போதும் நான் முழுதாக நம்பவில்லை. பரிமளம் ஜனார்த்தனையும் நம்பினவள்தானே. ஆனாலும் அடுத்த நாள் காலையில் கட்டடம் பார்க்கிற ஆளிடம் போய்க் கையால் காட்டிக் கேட்டேன். அவன் அடிநிலத்துக்குக் கூட்டிக்கொண்டு போனான். அங்கே குப்பையை அமத்துகிற மெசின் ஒன்று. எல்லாம் ஒரு கட்டியாகக் கிடந்தது. அதன் ஒரு பக்கத்தில் மஞ்சள் வயர் நுனி ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. இழுத்தேன், வரவில்லை.

ரஜிதன் அஜின்கோர்ட்டில் சிநேகிதன் பிரசாந்தின் வீட்டு பேஸ்மென்றில் இருக்கிறான் என்று பிரசாந்தின் தாய் போன் பண்ணிச் சொன்னாள். பரிமளம் கதைத்தாள். நான் போனை வாங்கவில்லை. அந்தத் துண்டு என் பொக்கற்றிலேயே இருந்தது. சேர்ட் மாற்றும்போது துண்டையும் மாற்றிக்கொள்வேன். என்றாவது ஒருநாள் யாராவது அதை வாசித்து, "ஓம், உங்கடை சந்தேகம் சரி" என்று சொல்லவேண்டும் என்று இருந்தது எனக்கு. வெட்கமில்லாமல் சொல்கிறேன், அதுதான் என் ஆசையாக இருந்தது.

பத்தாம் நாள் ஸ்ரீஸ்கந்தராசாவிடம் போனேன். தமிழ்ப்பட வீடியோக் கசெற் வாடகைக்குக் கொடுக்கிற கடை ஒன்றின் பின்பக்கத்தில் மேசை போட்டு, வீடியோ டெக்கும் கொம்பியூட்டரும் திருத்துகிறவன். நாற்பது வயது இருக்கும். எல்லாரும் ஸ்ரீ என்பார்கள்.

"தம்பி, இதிலை என்ன எழுதிக் கிடக்கெண்டு பாரும். பக்ரறியிலை ஒருத்தன் தந்தவன்."

ஸ்ரீ துண்டை விரித்து விளக்குக்குக் கீழே பிடித்தான். வாசிக்க வாசிக்கச் சிரிப்பு வந்தது அவனுக்கு.

"என்ன சிரிப்பு?"

"இல்லை அண்ணை, விண்ணன், நல்ல கெட்டிக்காரன் ஒருத்தன் எழுதியிருக்கிறான். கேம்ஸ் விளையாட ஒரு மெசின் பூட்டப்போறான். கையிலை காசு குறைவு. ஆனால் பழுதாகாமல் நிக்கவேணும். அதுக்கு எந்தச் சாமானை எடுக்கிறது, எதை விடுறது எண்டு ஒவ்வொண்டாப் பாத்திருக்கிறான்."

"சும்மா எழுதினதாயும் இருக்கலாம்."

"சும்மாவோ? இஞ்சை பாருங்கோ. முதல் வரி புரொசெஸர், மூளை மாதிரி. முதல் இன்டெல் எழுதியிருக்கிறான், பிறகு வெட்டிப்போட்டு ஏஎம்டி போட்டிருக்கிறான். ஏனெண்டால் விளையாட்டிலை படத்தைக் கீறுறது இது இல்லை. அதுக்கு வேறை சாமான், கிராபிக்ஸ் கார்ட். மூளையிலை மிச்சம் பிடிச்சுக் கண்ணிலை போட்டிருக்கிறான். அந்தக் கார்ட்டையும் புதுசா வேண்டாமல், பேப்பரிலை விளம்பரம் பாத்து, வித்தவன்ரை வீட்டை போய், ஓடவிட்டுப் பாத்துத்தான் எடுத்திருக்கிறான். 'ரெண்டு மணித்தியாலம் ஓடினது, நிக்கேல்லை' எண்டு எழுதிக் கிடக்கு."

"இதுக்கு ஏன் மூண்டு வட்டம்?" எழுத்துத் தெரியாவிட்டாலும் வட்டம் தெரியும்தானே.

"பவர் சப்ளை. கறண்டைப் பிரிச்சுக் குடுக்கிற இரும்புப் பெட்டி. எல்லாரும் மலிவா வாறதைப் போடுவாங்கள். அது எரியேக்கை மற்றதெல்லாத்தையும் கொண்டுதான் போகும். உவன் அதிலை மட்டும் ஒரு சதம் மிச்சம் பிடிக்கேல்லை. எனக்கு உதை விளங்க மூண்டு வருசம் போச்சு."

குடல் மாதிரி வயர் தொங்கிய அந்தப் பெட்டி. சுவரில் அடிபட்டு அடிபட்டுப் போனது.

"பக்கத்திலை என்ன எழுதிக் கிடக்கு?"

ஸ்ரீ மறுபடியும் சிரித்தான். "கடைக்காரரைப் பற்றி. 'இந்தக் கடையிலை பழைய மெமரிச் சாமானைப் புதுசெண்டு தரப் பாத்தவன், போகாதே.' 'இவன் நான் கேட்ட கேள்விக்கு மறுமொழி சொல்லேல்லை.' 'இவன் எல்லாரையும்விடக் குறைச்சுச் சொல்லுறான், ஏன்?' எட்டுக் கடை ஏறி இறங்கியிருக்கிறான் அண்ணை, ஒருத்தனையும் நம்பேல்லை. பெத்தவன் ஆரோ தெரியேல்லை, அப்பிடியே அவனை உரிச்சு வைச்ச மாதிரிக் கிடக்கும்."

நான் துண்டைத் திருப்பி வாங்கினேன்.

"அண்ணை, ஆர் உந்தப் பெடியன்?"

"என்ரை மகன்."

"அட. பக்ரறி எண்டியள்! அப்ப, சாமான் எல்லாம் வேண்டிப்போட்டானோ?"

"வேண்டினவன்."

"எங்கை, பூட்டியாச்சோ?"

"விழுந்துபோச்சு" என்றேன். அவன் மேலே கேட்கவில்லை. கசெற் கடையில் மூன்று நிமிடம் நின்றால் ஊரில் நடக்கிறது எல்லாம் காதில் விழும். முன்பே கேள்விப்பட்டிருப்பான், இப்போதுதான் ஆளைப் பொருத்தியிருப்பான்.

அன்றைக்கே பரிமளத்திடம் சொன்னேன், துண்டில் இருக்கிற எல்லாவற்றையும் திரும்ப வாங்கப்போகிறேன் என்று.

"காசாலை ஒட்டப்போறியளோ?" என்றாள். அதற்கு மேல் அவள் என்னோடு அந்த நாட்களில் கதைக்கவில்லை.

டவுன்ரவுனில் கொலிச் வீதி என்ற தெருவில், ஸ்பதைனாப் பக்கம், வரிசையாகக் கொம்பியூட்டர் கடைகள். நான் அங்கே அதற்கு முதல் போனதில்லை. கண்ணாடிக்குள் எல்லாக் கடையும் ஒரே மாதிரி. மகன் 'போகாதே' என்று எழுதிய கடைகளின் பெயரை ஸ்ரீ எனக்குப் பெரிய எழுத்தில் எழுதித் தந்திருந்தான். பலகையைப் பார்த்து, எழுத்து எழுத்தாக ஒப்பிட்டு, அந்தக் கடைகளைத் தாண்டிப் போனேன். மற்றக் கடைகளில் துண்டை மேசையில் வைத்து விரலை வரியில் ஊன்றி, "சேம். நோ சேஞ்ச்" என்பேன். எனக்குத் தெரிந்த ஆங்கிலம் அதற்குப் போதும். ஒருவன் வேறு பெட்டியைக் காட்டி, இது நல்லது என்று தலையை ஆட்டி ஆட்டிச் சொன்னான். நான் விரலை எடுக்கவில்லை. இன்னொருவனிடம் பெட்டியை உடைத்துக் காட்டச் சொன்னேன். உடைத்தான். என்ன பார்க்கிறேன் என்று எனக்கே தெரியாது, ஆனாலும் நன்றாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அவன் என்னைப் பார்த்துத் தன் பக்கத்தில் இருந்தவளிடம் ஏதோ சொல்லிச் சிரித்தான். சிரிக்கட்டும்.

மூன்று சனிக்கிழமை அப்படிப் போனேன். அவன் எட்டு மாதம் போன வீதி. குளிரில் எந்த மூலையில் நின்று கோப்பி குடித்திருப்பான், எந்தக் கடையில் கோபம் வந்து வெளியேறியிருப்பான் என்று யோசித்துக்கொண்டு நடந்தேன். அவனோடு இருபது வருடத்தில் ஒரு கடைக்கும் நான் சேர்ந்து போனதில்லை.

இரண்டு இடத்தில் துண்டு உதவவில்லை. எல்லாச் சாமானையும் குத்துகிற பெரிய பச்சைத் தட்டு, மதர்போர்ட் என்கிறார்கள், அவன் எழுதிய வகை முடிந்துவிட்டது. நான் காசு போடுகிற போனில் ஸ்ரீயைக் கூப்பிட்டேன். "அதே கொம்பனியின்ரை புதிசு வந்திட்டுது, அதை எடுங்கோ, அந்தப் புரொசெஸர் அதிலையும் ஏறும்" என்றான். "கட்டாயம் ஏறுமோ?" என்று கேட்டேன். "ஏறும் அண்ணை." வாங்கினேன்.

மற்றது அந்தச் சின்னத் தட்டு, கிராபிக்ஸ் கார்ட். அவனுக்குப் பேப்பர் விளம்பரத்தில் கிடைத்தது. எனக்கு விளம்பரம் வாசிக்கத் தெரியாது. ஸ்ரீயே தன் வீட்டு மெசினிலிருந்து ஒன்றைக் கழற்றிக்கொண்டு வந்தான்.

"என்ரை மகள் துர்க்கா விளையாடுறது. அவவுக்கு வேறை போட்டுக் குடுப்பன். கொண்டு போங்கோ."

"வேலை செய்யுமோ?"

"செய்யும்."

நான் தலையாட்டினேன்.

ஸ்ரீயே எல்லாவற்றையும் பூட்டினான். நான் திருகிப் பூட்டுகிற சுரை ஆணிகளை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றேன். சுவிச்சைப் போட்டதும் ஒருதரம் 'பீப்' என்றது. "ஒண்டு எண்டால் நல்ல சகுனம்" என்றான் ஸ்ரீ. பிறகு ஏதோ ஒரு விளையாட்டைப் போட்டுக் காட்டினான். ஒரு விமானம் மலைகளுக்கு மேலால் போனது. கீழே கடல். தண்ணீர் உண்மையான தண்ணீர் மாதிரி மினுங்கியது. விமானம் சரிய, கடலும் சரிந்தது.

"உதுக்குத்தான் அந்தக் கார்ட்" என்றான் ஸ்ரீ.

இவ்வளவுதான். இதைப் பார்க்கத்தான் எட்டு மாதம். நான் கண்ணைத் துடைத்ததை அவன் காணாத மாதிரி வயர்களைச் சுற்றினான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மெசினைப் பெட்டியில் வைத்துக் கட்டிக்கொண்டு அஜின்கோர்ட்டுக்குப் புறப்பட்டேன். திரை வேண்டியதில்லை, பிரசாந்திடம் பழைய திரை ஒன்று இருப்பதாகத் துண்டிலேயே எழுதியிருந்தது. இரண்டு பஸ். முதல் பஸ்ஸில் ஒரு பெண் எழும்பி எனக்கு இடம் தந்தாள். பெட்டியை அந்த இருக்கையில் வைத்துவிட்டு நான் நின்றுகொண்டு போனேன். வழிமுழுதும் ஒன்றையே திருப்பித் திருப்பி நினைத்தேன். இதைப் பார்த்தால் வருவான். எல்லாம் அவன் எழுதினபடியே இருக்கிறது. வருவான்.

பக்கக் கதவைப் பிரசாந்த் திறந்தான். "அங்கிள்..." என்றவன் பெட்டியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், "நான் மேலை நிக்கிறன்" என்று படியேறிப் போய்விட்டான். ரஜிதன் டோனட் கடைச் சீருடையோடு நின்றான். வேலைக்குப் போக வெளிக்கிட்டிருக்கிறான் போல. கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

"ஏனப்பா உதைத் தூக்கிக்கொண்டு வந்தனீங்கள்? முதுகு நோகும்."

"உன்ரை சாமான். எல்லாம் இருக்கு."

நம்பமாட்டான் என்று தெரியும். மேசையில் வைத்தேன். அவன் சுரை திருகுகிற கோலை எடுத்துவந்து பக்கத் தகட்டைக் கழற்றினான். குனிந்து உள்ளே பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். விரலால் ஒன்றைத் தொட்டான்.

"இந்தப் பவர் சப்ளை நான் எழுதினது."

"ஓம். மூண்டு வட்டம்."

அவன் முகத்தில் ஏதோ இளகியது. நான் கண்டேன். பிறகு இன்னும் குனிந்தான்.

"மதர்போர்ட் வேறை."

"அது முடிஞ்சுபோச்சாம். ஸ்ரீ இது சரிவரும் எண்டவர்."

"ஆர் ஸ்ரீ?"

"கசெற் கடைக்குப் பின்னாலை இருந்து திருத்திறவர்."

"இந்தக் கார்ட் புதுசில்லையே. எங்கை எடுத்தது?"

"அவற்றை மகளின்ரை. வேலை செய்யும் எண்டவர்."

"நீங்கள் ஓடவிட்டுப் பாத்தே எடுத்தனீங்கள்?"

"இல்லை. அவர் சொன்னவர், நான் எடுத்தனான். பூட்டினாப் பிறகுதான் ஓடினதைக் கண்டனான்."

ரஜிதன் கோலை மேசையில் வைத்தான்.

"அவரை உங்களுக்கு எவ்வளவு காலமாத் தெரியும் அப்பா?"

யோசித்தேன். "ஒரு மாதம் வரும்."

"என்னை இருபது வருசமாத் தெரியும்" என்றான்.

கோபத்தில் சொல்லவில்லை. கோபத்தில் சொல்லியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், எனக்கு அது பழக்கம். சாமான் துண்டில் ஒரு வரியை வாசிக்கிற மாதிரிச் சொன்னான்.

அப்போதுதான் நான் ஜனார்த்தனைப் பற்றி எடுத்தேன். வீட்டில் நான் எடுக்காத பேச்சு. "கொண்ணனும் இப்பிடித்தான் வயர் வைச்சிருந்தவன். றேடியோ எண்டவன். நான் நம்பினனான். அமிர்தநாதரின்ரை றேடியோவைக்கூடக் கொண்டுவந்து குடுத்தனான். நம்பினபடியால்தான்..."

"தெரியும் அப்பா. அம்மா சொன்னவ."

"அதாலைதான்ரா."

"அண்ணை சொன்ன பொய்க்கு நான் என்ன செய்ய? நான் அண்ணை இல்லை எண்டு ஒவ்வொரு நாளும் உங்களுக்குக் காட்டவேணும். பத்து வயசிலையிருந்து காட்டிறன். பள்ளிக்கூடத்தாலை அஞ்சு நிமிசம் பிந்தினால் பொக்கற்றைப் பாப்பியள். சிநேகிதன் போன் எடுத்தால் மற்றப் போனைத் தூக்கிக் கேட்பியள். எல்லாத்தையும் பொறுத்துக்கொண்டு விட்டிட்டன். இதைப் பூட்டிக் காட்டினால் அதோடை எல்லாம் முடிஞ்சிடும் எண்டு நினைச்சன்." நிறுத்தினான். "எனக்கு ஏலாது அப்பா. களைச்சுப்போனன்."

பிறகு தகட்டை எடுத்துப் பொருத்தினான். சுரைகளை ஒவ்வொன்றாக இறுக்கினான். நாலையும் இறுக்கி முடித்து, மெசினின் மேலே கையை வைத்தான்.

"நல்ல மெசின். தாங்க்ஸ் அப்பா."

நாங்கள் வீட்டுக்குள் நன்றி சொல்லிப் பழகாத ஆட்கள். தாய் சோறு போட்டால் பிள்ளை நன்றி சொல்வதில்லை. அது கடையில் சொல்கிற சொல், பஸ்ஸில் இடம் விட்டவளுக்குச் சொல்கிற சொல். என் மகன் அதை எனக்குச் சொன்னான்.

பஸ் தரிப்பிடம்வரை கூடவே வந்தான். "ரெண்டாம் பஸ்ஸுக்கு ட்ரான்ஸ்ஃபர் துண்டு வைச்சிருக்கிறியளோ?" என்று கேட்டான். காற்று அடித்தபோது எனக்கும் காற்றுக்கும் நடுவில் வந்து நின்றான். பஸ் வந்ததும், "படி வழுக்கும், பாத்து" என்றான். முன்பின் தெரியாத ஒரு கிழவனுக்கும் அவன் அதைச் செய்திருப்பான். நல்ல பிள்ளை.

வீட்டுக்கு வந்தபோது பரிமளம் கதவைத் திறந்து என் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

"எடுத்துக்கொண்டானோ?"

"எடுத்தவன்."

"வாறன் எண்டவனோ?"

"இல்லை."

"நீங்கள் 'வா' எண்டு கேட்டனீங்களோ?"

ஒரு சப்பாத்தைக் கழற்றிவிட்டு மற்றதோடு நின்றேன். பவர் சப்ளையைப் பற்றிக் கதைத்தோம். ஸ்ரீயைப் பற்றிக் கதைத்தோம். ஜனார்த்தனைப் பற்றிக் கதைத்தோம்.

"பிழை எண்டாவது சொன்னனீங்களோ?"

"எல்லாச் சாமானும் கொண்டுபோய்க் குடுத்தனான்தானே" என்றேன்.

அவள் என்னைப் பார்த்த பார்வையை நான் இங்கே சொல்லப்போவதில்லை. உள்ளே போய்விட்டாள்.

அது போய் ஒரு வருடத்துக்கு மேலாகிவிட்டது. மெசின் இன்னும் நன்றாக ஓடுகிறதாம், ஒருதரமும் நிற்கவில்லையாம். பரிமளம் சொல்லித்தான் தெரியும். புதன்கிழமைகளில் நான் பக்ரறியில் நிற்கிற நேரம் பார்த்து அவன் தாயோடு கதைக்கிறான். போன மாதம் ஒரு புதன் பக்ரறியில் கறண்ட் போய் எங்களை நேரத்தோடு அனுப்பிவிட்டார்கள். கதவைத் திறந்தேன். பரிமளம் போனைக் காதில் வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் சிரித்து நான் கண்டு எவ்வளவோ நாள். என்னைக் கண்டதும், "அப்பா வந்திட்டார்" என்றாள் போனுக்குள். நான் கையை நீட்டினேன். நீட்டிய கையோடு நின்றேன். அவள் போனை வைத்துவிட்டாள்.

"என்னவாம்?" என்று கேட்டேன்.

"சரியம்மா, வைக்கிறன் எண்டவன்."